பெருநாள் காசு

ஐயாயிரம் தினார்.
மூன்று சித்தப்பாக்கள், ஒரு அத்தை,
மாடிவீட்டு உம்மு ஹைதர்,
ஆளுக்கு ஆயிரமாய்க் கையில் திணித்தது.
தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறான்
ஆறு வயது முதலாளி.

விடிந்தால் கேட்பான்.
மோசுலின் கடைத்தெரு நடைபாதை நெடுக
கறுப்பும் வெள்ளியும் புலிவரி போட்டதுமாய்
குலைகுலையாய்த் தொங்குகின்றன,
ஈச்சங்காய் மாதிரி.
ஒன்று வாங்கினால் ஒரு பொட்டலம்
மஞ்சள் குண்டு இனாம்.

"கூடாது" என்கிறார் தன்னூன்.
காலுறையைக் கழற்றியபடி, ஒரே சொல்.
கண் ஆஸ்பத்திரியில் நாளை இரவு அவர் முறை.
பெருநாள் இரண்டாம் நாள் என்றால்
கூடுதலாய் நாலு கட்டில் போடுவார்கள்.
போன வருஷம் வந்த சிறுமி ஒருத்தி
மிச்சமிருந்த கண்ணால்
அவர் சட்டைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டே இருந்தாளாம்.
ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடியும் ஒன்று.
அதற்குமேல் அவர் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

ஆனால் பகலெல்லாம் அவனோடு இருப்பவள் நான்.
தெருவில் பதினோரு பையன்கள்,
பத்துப் பேரிடம் இருக்கிறது.
இல்லாதவன்தான் சாக வேண்டியவன்.
காலையிலிருந்து செத்துச் செத்து
முழங்கால் தோலுரிந்து வீட்டுக்கு வருகிறான்.
எத்தனை தடவைடா என்றேன்.
"ஏழு. ஒரு தடவை ரொம்ப நல்லா செத்தேன்."

தண்ணீர்த் துப்பாக்கி வாங்கலாமா?
"எந்தத் தண்ணீரை ஊற்றி?
மூன்று நாளாய்க் குழாயில் காற்றுதானே வருகிறது."
சிரித்துவிட்டோம் இருவரும்,
சிரிக்கக்கூடாத இடத்தில்.

சரி, குண்டில்லாதது? சத்தம் மட்டும் போடுமே, அது?
அவர் என்னையே பார்த்தார்.
சத்தம் மட்டும்.
மாடிப்படிக்கடியில் பல்லைக் கடித்துக்கொண்டு
ஒன்பது மாதம் நாங்கள் எண்ணியதும்
அதைத்தான்.

பிறகு ஒன்று சொன்னேன், சொல்லியிருக்கக்கூடாது.
ஹுஸாம் என்று பெயர் வைத்தது யார்?
வாள். கூரிய வாள்.
உங்கள் அப்பா பெயர்தான், இல்லையென்று சொல்லவில்லை.
ஆனாலும் பெற்ற பிள்ளையை
நாளுக்கு நூறுமுறை ஆயுதமென்று கூப்பிட்டுவிட்டு
பிளாஸ்டிக்குக்குப் பஞ்சாயத்து பேசுகிறோம்.

பதில் இல்லை.
கிலேச்சாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.
பேரீச்சை வைத்துச் சுட்டதில் ஒன்று மீதி.
பிடி, குழல், விசை என்று
கடித்துக் கடித்தே செதுக்கியிருக்கிறான்.
தின்ன மனம் வரவில்லை போல,
அப்படியே விட்டுப் போயிருந்தான்.
எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டு மணி இருக்கும்.
மூத்திரத்துக்கு எழுந்தவன்
நடையில் குறுக்கே நின்றான், பாதித் தூக்கத்தில்.
கையில் ஒன்றுமில்லை.
உள்ளங்கையை உயர்த்தி,
"நில். எங்கே அடையாள அட்டை?"

விளையாட்டுதான்.
தன்னூன் இரண்டு கைகளையும் தூக்கினார்,
விரல்களை நன்றாக விரித்து.
பின் சட்டை விளிம்பை இரு விரலால் பிடித்து
மார்புவரை உயர்த்தினார்,
வயிற்றில் எதுவும் கட்டியில்லை என்று தெரியும்படி.
அப்படியே மெதுவாக
ஒரு முழு வட்டம் திரும்பினார்.
அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

குழந்தை சிரிப்பானென்று காத்திருந்தேன்.
அவனுக்குத் தூக்கம் போய்விட்டது.
"போகலாம் பாபா, போகலாம், போகலாம்" என்று
சட்டையை இழுத்துக் கீழே விட்டான்.

விடிந்தும்விட்டது.
செருப்பு மாட்டி வாசலில் நிற்கிறான்,
ஒரு கையில் ஐயாயிரம்,
மறுகையில் அப்பாவின் சுண்டுவிரல்.
எந்தப் பக்கம் போவதென்று இன்னும் சொல்லவில்லை நாங்கள்.
கதவைத் திறக்கிறேன்.
தெருவில் பத்துப் பேரும் தயார்.
ஆட்டம் தொடங்க
ஒருத்தன் குறைகிறானாம்.